தோட்டம் பார்க்கப் போறீங்களா? எந்தத் தோட்டம்?

பள்ளி விடுமுறையோ நீண்ட வார இறுதியோ வந்தால் போதும், சிம்பாங் பூலாயிலிருந்து மலையேறும் சாலையில் கார்கள் வரிசை கட்டத் தொடங்கிவிடும். எல்லாரும் போவது கேமரன் மலைக்கு. தேயிலைச் சரிவுக்கு முன்னால் ஒரு படம், ஒரு டப்பா ஸ்ட்ராபெரி, ஒரு கோப்பை தேநீர், திரும்பும் வழியில் ஈப்போவில் வைட் காப்பி. நீங்களும் இப்படி ஒரு முறையாவது போயிருப்பீர்கள்.

அடுத்த முறை கிளம்பும் முன், "தோட்டம் பார்க்கப் போறேன்" என்று பாட்டியிடம் சொல்லிப் பாருங்கள். "எந்தத் தோட்டம்?" என்றுதான் முதலில் கேட்பார். மலாய்மொழியில் தாமான் வேறு, லாடாங் வேறு. நம்மிடம் பூந்தோட்டம், தேயிலைத் தோட்டம், ரப்பர் தோட்டம் எல்லாமே தோட்டம்தான். ஆனால் மலேசியத் தமிழர் முன்னொட்டு எதுவும் இல்லாமல் வெறுமனே 'தோட்டம்' என்றால், அது ஓர் ஊர். பால்மரக் காடு, லயத்து வீடுகள், மாரியம்மன் கோயில், ஒரு தமிழ்ப்பள்ளி, ஆயாக் கொட்டகை, கள்ளுக்கடை எல்லாம் சேர்ந்தது.

ஈப்போவை மையமாக வைத்துச் சுற்றினால் இந்த எல்லாத் தோட்டங்களையும் இரண்டு மூன்று நாளில் பார்த்துவிடலாம். சுற்றுலாப் பலகைகள் ஆண்டையும் துரைமார் பெயரையும் சொல்லும். காட்டை அழித்தவர், நட்டவர், வெட்டியவர் யார் என்ற பாதிக் கதை பலகையில் இருக்காது. அந்தப் பாதி இங்கே.

ஈப்போவில் எங்கே தொடங்குவது?

ரயில் நிலையத்தில் தொடங்குங்கள். 1917இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த வெள்ளைக் கட்டடத்துக்கு எதிரே ஓர் 'ஈப்போ' மரம் நிற்கிறது. ஊருக்குப் பெயர் தந்த மரம் அது. அதன் பாலை ஒராங் அஸ்லி மக்கள் ஊதுகுழல் அம்பின் நுனியில் நஞ்சாகத் தடவி வேட்டையாடினார்கள். அதாவது ரப்பர் வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்த ஊரின் பெயரில் ஒரு பால் வடியும் மரம் இருந்திருக்கிறது. கைப்பேசியில் படம் எடுப்பவர்கள் பெரும்பாலும் இதற்கு முதுகைக் காட்டித்தான் நிற்பார்கள்.

அடுத்தது நகரப் பூங்கா. ஒரு காலத்தில் 'கோரோனேஷன் பார்க்', இப்போது டி.ஆர். சீனிவாசகம் பூங்கா. மக்கள் முற்போக்குக் கட்சியை நிறுவியவர்களில் ஒருவர், ஈப்போவின் நாடாளுமன்ற உறுப்பினர், 1969இல் காலமானவர். ஒரு தமிழரின் பெயர் தாங்கிய பூங்காவில் மெதுவோட்டம் ஓடுகிறோம் என்பது ஈப்போ இளைஞர்கள் பலருக்கே தெரியாது.

மலையேறும் வழியில் கொறிக்க ஏதாவது வேண்டுமென்றால் புந்தோங் பக்கம் போய் முறுக்கும் கச்சான் பூத்தேயும் வாங்கிக்கொள்ளுங்கள். அதைத் தனிக் கட்டுரையாகத்தான் எழுத வேண்டும்.

மலையில் தேயிலையை நட்டது யார்?

முதலில் ஒரு திருத்தம். கேமரன் மலை பேராவில் இல்லை, பகாங்கில் இருக்கிறது. ஆனால் ஏறும் முக்கியமான இரண்டு சாலைகளும் பேராவில்தான் தொடங்குகின்றன. பழையது தாப்பாவிலிருந்து போவது, லாத்தா இஸ்கண்டார் அருவியைத் தாண்டி வளைந்து வளைந்து ஏறும். புதியது சிம்பாங் பூலாயிலிருந்து, வெட்டப்பட்ட சுண்ணாம்புக் குன்றுகளைக் கடந்து கம்போங் ராஜாவில் போய்ச் சேரும். வயிறு புரட்டும் ஆள் கூட வந்தால் சிம்பாங் பூலாய்தான் நல்லது.

1885இல் பேரா–பகாங் எல்லைப் பகுதியை அளக்கப் போன வில்லியம் கேமரன் என்ற அரசாங்க நில அளவையாளரின் பெயர்தான் மலைக்கு. ஆனால் அவர் போய் வந்து நாற்பது ஆண்டுகளுக்கு அங்கே பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 1925இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்த பிறகே மலைவாசத்தலம் அமைக்கும் பேச்சு சூடு பிடித்தது. தாப்பா சாலை மேலே எட்டியது 1931இல்.

தேயிலை அதற்குச் சற்று முன்பே வந்துவிட்டது. 1929இல் ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல் என்ற தொழிலதிபர் நிலம் பெற்று, இலங்கையில் அனுபவம் பெற்ற ஒரு தோட்டக்காரரைத் துணைக்கு வைத்துத் தொடங்கியதுதான் இன்றைய 'போ' தேயிலை. 1933இல் பன்சால் அகர்வால் என்ற வட இந்தியர் தொடங்கியது பாரத் தேயிலை. ரிங்லெட்டிலிருந்து தானா ராத்தா போகும் வழியில் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி தேநீர்க் கடை வைத்திருப்பவர்கள் இவர்கள்.

இலங்கைத் தொடர்பைச் சும்மா சொல்லவில்லை. தேயிலை வளர்ப்பு முறை அங்கிருந்து வந்தது. அதோடு தோட்டத்தை நடத்தும் முறையும் ஒன்றாகவே இருந்தது. நுவரெலியாவில் இருக்கும் ஒரு மலையகத் தமிழரிடம் கங்காணி, லயம், கொழுந்து, பெரட்டு என்று சொல்லிப் பாருங்கள், விளக்கம் தேவைப்படாது. பெரட்டு என்பது விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரிப்பது. 'பரேட்' என்ற ஆங்கிலச் சொல் தோட்டத்தில் இப்படித் தமிழாகிவிட்டது. தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கங்காணிகள் சேர்த்து அனுப்பிய ஆட்கள் ஒரு பக்கம் இலங்கைக்கும் இன்னொரு பக்கம் மலாயாவுக்கும் கப்பல் ஏறினார்கள்.

கேமரன் மலையில் காட்டை அழித்து, சரிவுகளில் கன்று நட்டு, கூடை சுமந்து கொழுந்து பறித்தவர்களில் பெரும்பாலோர் அந்தத் தமிழர்கள். சுங்கை பாலாஸ், புளூ வேலி தோட்டங்களின் பெயர்களில் இன்றும் தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அடுத்த முறை வரைபடத்தில் தேநீர் மையத்தைத் தேடும்போது பக்கத்தில் பள்ளியின் பெயரும் தெரிகிறதா என்று பாருங்கள்.

இன்று சரிவில் நீங்கள் பார்க்கும் தொழிலாளி பெரும்பாலும் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா போன்ற நாடுகளிலிருந்து வந்தவர். பை கட்டிய கத்தரிக்கோல், அல்லது இரண்டு பேர் பிடித்துச் செடி மேல் இழுத்துப் போகும் இயந்திரம். இரண்டு இலை ஒரு மொட்டு என்று விரலால் கிள்ளிக் கூடையில் போடும் காட்சி இப்போது தேயிலைப் பெட்டிகளின் படத்தில்தான் அதிகம். அந்த வேலையில் இருப்பவரைப் படம் எடுக்க நினைத்தால் முதலில் கேட்டுவிட்டு எடுங்கள். நம் பாட்டனாரைக் கேட்காமல் எடுத்த பழைய படங்கள் இன்றைக்கு அஞ்சலட்டையாகப் பெயரில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

சுங்கை பாலாஸ் தேநீர் மையத்தில் ஆலையைப் பார்க்க விடுகிறார்கள். அவசரப்படாமல் பாருங்கள். கொழுந்தைக் காற்றில் வாட்டுவார்கள், பிறகு உருட்டிக் கசக்குவார்கள், காற்றுப்படப் பரப்பிக் கருக்க விடுவார்கள், சூட்டில் உலர்த்துவார்கள், கடைசியில் சலித்துத் தரம் பிரிப்பார்கள். ஏறக்குறைய 5 கிலோ பச்சைக் கொழுந்து 1 கிலோ தேயிலையாகும். கடைசியில் மிஞ்சும் பொடித்தூள்தான் நம் தே தாரேக்குக் கறுப்பும் கசப்பும் கொடுப்பது. திங்கட்கிழமை போய்க் கதவைத் தட்டிவிட்டுத் திரும்பாதீர்கள், திறந்திருக்கும் நாளை முன்கூட்டியே பாருங்கள்.

பேராவுக்கென்று தேயிலை இருந்ததே இல்லையா?

இருந்தது. தைப்பிங்குக்கு மேலே இருக்கும் புக்கிட் லாருட், அதாவது பழைய மேக்ஸ்வெல் மலை. 1884இல் உருவான மலைவாசத்தலம், கேமரன் மலைக்கு ரொம்பவே மூத்தது. மலைப் பாதையின் பாதி வழியில் 'டீ கார்டன் ஹவுஸ்' என்று ஓர் இடம் உண்டு. அங்கே ஒரு காலத்தில் தேயிலை பயிரானது. இப்போது பெயர் மட்டும்தான். அதிகமாக மழை பெய்யும் பகுதி, மண்சரிவால் பாதை மூடப்படுவதும் நடக்கும். கேட்டுவிட்டுப் போங்கள்.

மலை மூடியிருந்தாலும் அடிவாரத்தில் தைப்பிங் ஏரிப் பூங்கா இருக்கிறது. ஈயம் தோண்டிவிட்டுக் கைவிட்ட பள்ளங்களை ஏரியாக்கி 1880களில் அமைத்தது. கரையிலிருந்து சாலையைத் தாண்டி நீர் வரை கிளை நீட்டிப் படுத்திருக்கும் தூங்குமூஞ்சி மரங்களுக்கு நூறு வயதுக்கு மேல். கேமரனைவிட எனக்கு இந்தப் பூங்காதான் பிடிக்கும். ஆட்சேபம் இருப்பவர்கள் மாலை ஐந்து மணிக்கு ஒரு முறை போய்விட்டு வந்து சொல்லுங்கள்.

ரப்பர் எங்கிருந்து வந்தது?

தைப்பிங்கிலிருந்து ஈப்போ திரும்பும் வழியில் கோலகங்சார். அரண்மனையும் பள்ளிவாசலும் பார்க்கத்தான் எல்லாரும் போகிறார்கள். மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் வேலி போட்ட ஒரு மரம் நிற்கும். நாட்டின் மிகப் பழைய ரப்பர் மரங்களில் ஒன்று.

கதை பிரேசிலில் தொடங்குகிறது. 1876இல் ஹென்றி விக்ஹாம் அமேசான் பகுதியிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டனின் கியூ தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுபோனார். முளைத்தவை சில ஆயிரம்தான். அவற்றில் பெரும்பகுதி இலங்கைக்குப் போனது. 1877இல் சிங்கப்பூருக்கு வந்தவை வெறும் 22 கன்றுகள். அதில் சில பேராவின் ஆங்கிலேய ரெசிடெண்ட் ஹியூ லோவின் கோலகங்சார் தோட்டத்துக்கு வந்தன. உலகமே தேடி வந்த மலாயா ரப்பரின் தொடக்கம் ஒரு வீட்டுத் தோட்டம்.

இருபது ஆண்டுகளுக்கு அதை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டுபிடித்து, பார்த்தவர்களிடமெல்லாம் விதையைத் திணித்தார். 'பைத்தியக்கார ரிட்லி' என்று பட்டம் கட்டினார்கள். அப்புறம் மோட்டார் கார் வந்தது, டயர் வந்தது, 1910வாக்கில் ரப்பர் விலை உச்சத்துக்குப் போனது. 1920களில் உலக ரப்பரில் ஏறக்குறைய பாதி மலாயாவிலிருந்து போனது.

மரம் தானாகப் பால் கொடுக்காது. அதைத் தினமும் வெட்ட ஆள் வேண்டும்.

பால் வெட்டுவது என்றால் என்ன?

பாட்டி, தாத்தா சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ஆனால் கண்ணால் பார்த்த தலைமுறை குறைந்துகொண்டே போகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

விடியும் முன் பெரட்டு. பிறகு தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போவார்கள். நிரை என்றால் ஒருவருக்கு ஒதுக்கப்பட்ட மர வரிசைகள், ஓர் ஆளுக்கு நானூறு ஐந்நூறு மரம். மரத்துக்கு மரம் போய், முந்தின வெட்டில் உறைந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை உரித்துப் பையில் போட்டு, சாய்வான வெட்டில் மெல்லிய ஒரு சீவல் எடுக்க வேண்டும். ஆழம் போனால் மரம் காயப்படும், தண்டலிடம் திட்டு விழும். ஆழம் போதாவிட்டால் பால் வராது. வெட்டுக் கோட்டின் வழியே பால் இறங்கி மங்கில் சொட்டும். அந்த மங்கு மலாய் 'மாங்கோக்'கிலிருந்து வந்தது.

ஏன் இருட்டிலேயே போக வேண்டும்? வெயில் ஏறுவதற்கு முன் மரத்துக்குள் நீரழுத்தம் அதிகம், பால் நன்றாக ஓடும். வெயில் வந்தால் ஓட்டம் குறைந்து வெட்டு அடைத்துக்கொள்ளும். வெட்டி முடித்து, பசியாறிவிட்டு, மறுபடியும் அதே ஐந்நூறு மரத்துக்கும் போய் மங்குகளை வாளியில் கவிழ்க்க வேண்டும். காண்டாக் கம்பின் இரு முனையிலும் வாளி, தோளில் சுமை, ஸ்டோர் வரை நடை. அங்கே கிராணி நிறுத்துக் கணக்கு எழுதுவார். மழை பெய்தால் மரம் ஈரம், வெட்டு கிடையாது. வெட்டு இல்லாவிட்டால் அன்றைக்குக் கூலியும் கிடையாது.

இதையெல்லாம் செய்தவர்களில் பாதிப் பேர் பெண்கள். நாலு மணிக்கு எழுந்து சோறு ஆக்கி, தூங்கும் பிள்ளையைத் தூக்கி ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுத்தான் பெரட்டுக்கு நிற்பார்கள். உங்கள் பாட்டிக்கு இன்றும் நாலு மணிக்குத் தானாக விழிப்பு வருகிறதென்றால், அதற்குக் காரணம் வயது மட்டுமே இல்லை.

கெல்லி மாளிகையில் பேய் இருக்கிறதா?

எங்கள் அலுவலகத்துக்கு வரும் கேள்விகளில் இதுதான் முதலிடம். பத்து காஜா பக்கத்தில் இருக்கும் கெல்லி கோட்டை, ஈப்போவிலிருந்து அரைமணி நேரம். ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் கெல்லி ஸ்மித் இருபது வயதில் மலாயா வந்து, 'கிந்தா கெல்லாஸ்' என்ற ரப்பர் தோட்டத்தை உருவாக்கினார். 1915இல் மகன் பிறந்த பிறகு இந்தப் பெரிய மாளிகையைக் கட்டத் தொடங்கினார். மதராஸிலிருந்து ஆட்களை வரவழைத்தார், மின்தூக்கிக்குக்கூட இடம் விட்டார். 1926இல் லிஸ்பனில் நிமோனியா கண்டு இறந்துபோனார். மாளிகை அரைகுறையாக நின்றுவிட்டது.

பேய்க் கதை அங்கேயே விற்கப்படுகிறது, வேண்டுமானால் வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு அதைவிடப் பெரிய விஷயம், கட்டுமானம் நடந்த காலத்தில் பரவிய ஸ்பானிய காய்ச்சல். தமிழ்த் தொழிலாளர் பலர் அதில் இறந்தார்கள். மாரியம்மனுக்குக் கோயில் கட்டினால் நோய் விலகும் என்று மற்றவர்கள் கேட்க, கெல்லி ஸ்மித் கட்டிக்கொடுத்தார். அந்தக் கோயில் மாளிகைக்கு அருகிலேயே இருக்கிறது. கூரைச் சுதைச் சிற்பங்களுக்கு நடுவே, வெள்ளைக் கோட்டு, தலையில் தொப்பியோடு ஒரு துரை நிற்பார். தொழிலாளர்கள் தங்கள் சாமிகளோடு சேர்த்து வைத்த கெல்லி அவர்.

மாளிகைக்கு நுழைவுச் சீட்டு வாங்கும் பத்துப் பேரில் எத்தனை பேர் கோயிலுக்குப் போகிறார்கள் என்று வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். விரல் விட்டு எண்ணிவிடலாம். மாளிகையில் யாரும் குடியேறவே இல்லை. கோயிலில் பூசை நடக்கிறது. 'கிந்தா கெல்லாஸ்' என்ற பெயரும் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியின் பெயரில் உயிரோடு இருக்கிறது.

அந்தத் தோட்டங்கள் எங்கே போயின?

கங்காணி முறையில் ஆள் வருவது 1938இல் நின்றது. உதவி பெற்றுக் கப்பலேறுவதை இந்திய அரசு தடை செய்தது. பிறகு ஜப்பானியர் காலம். சயாம் மரண ரயில் பாதைக்குத் தோட்டத்து ஆட்களைப் பிடித்துப் போனார்கள், திரும்பாதவர் ஏராளம். போர் முடிந்து மூன்றே ஆண்டில், 1948 ஜூன் 16 அன்று, சுங்கை சிப்புட்டில் எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் பிரகடனமானது. லயத்து வீடுகளைச் சுற்றி முள்வேலி வந்தது. பாடப்புத்தகத்தில் நீங்கள் படித்த அந்தச் சம்பவம் நடந்த தோட்டத்தின் பெயரிலும் ஒரு தமிழ்ப்பள்ளி உண்டு.

ஆனால் தோட்டங்களை உடைத்தது துப்பாக்கி இல்லை, நில விற்பனை. 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். இங்கேதான் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். லயத்து வீடு தொழிலாளியுடையது இல்லை. வேலையோடு சேர்ந்து வந்தது அது. வேலை போனால் வீடும் போகும், பிள்ளையின் பள்ளியும் போகும், கும்பிட்ட கோயில்கூட வேறொருவர் நிலத்தில் நிற்கும். மூன்று தலைமுறை பிறந்து வளர்ந்த ஊரில் ஓரடி மண்கூடச் சொந்தமில்லை.

சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது இதற்காகத்தான். மலாயா விடுதலை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர், அமைச்சர். தோட்டம் தோட்டமாகப் போய், தவணைக்குப் பத்து வெள்ளி போடுங்கள், துண்டாடப்படும் தோட்டத்தை நாமே சேர்ந்து வாங்குவோம் என்றார். முதலில் வாங்கியது கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம். சுங்கை சிப்புட் போனால் அவர் துணையோடு 1954இல் எழுந்த மகாத்மா காந்தி கலாசாலையையும் பாருங்கள்.

கூட்டுறவு சில தோட்டங்களைக் காப்பாற்றியது, எல்லாவற்றையும் காப்பாற்ற முடியவில்லை. பிறகு பால்மரத்தைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள், அதற்கு ஆள் குறைவாகப் போதும். நகரத்துக்குப் பக்கத்தில் இருந்த தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாயின. இன்று நெடுஞ்சாலையில் போகும்போது இரு பக்கமும் தெரியும் செம்பனையில் பல ஏக்கர் ஒரு காலத்தில் பால்மரம்.

உங்கள் குடும்பத்துத் தோட்டத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

தாத்தா பாட்டியின் பிறப்புப் பத்திரத்தில் தொடங்குங்கள். பிறந்த இடம் என்ற கட்டத்தில் பெரும்பாலும் தோட்டத்தின் பெயர் இருக்கும். அப்பா அம்மாவின் பழைய பள்ளிச் சான்றிதழும் உதவும். பேராவில் 130க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன, அதில் பலவற்றின் பெயரில் 'லாடாங்' என்ற சொல்லோடு தோட்டத்தின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். பள்ளி பத்து மைல் தள்ளி இடம் மாறியிருந்தாலும் பெயர் மாறியிருக்காது. தோட்டத்துக்கு ஆவணத்தில் ஆங்கிலப் பெயரும் ஆட்களின் வாயில் வேறொரு தமிழ்ப் பெயரும் இருந்திருக்கும், அதனால் இரண்டையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கேட்கும்போது கைப்பேசியில் குரலையும் பதிவு செய்யுங்கள்.

இடம் தெரிந்துவிட்டால் நேராகக் காருக்குள் ஏறாதீர்கள். இப்போதைய தோட்டங்கள் தனியார் நிலம், நுழைவாயிலில் காவலர் இருப்பார். தமிழ்ப்பள்ளியிலோ கோயில் நிர்வாகத்திலோ யாரையாவது முன்கூட்டியே தொடர்புகொண்டால் வழி எளிது. போக நல்ல நாள் கோயில் திருவிழா நாள். வீடுகள் இடிந்து, மரங்கள் சாய்ந்து, ஆளே இல்லாத தோட்டத்தில்கூட அன்றைக்குக் கிள்ளானிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கார்கள் வந்து நிற்கும். அன்னதான வரிசையில் உட்கார்ந்து, "நான் இன்னாருடைய பேரன்" என்று பக்கத்து இலைக்காரரிடம் சொல்லுங்கள். "எந்த லயம்?" என்பார். அதற்கான பதிலை வீட்டிலேயே கேட்டுவைத்துக்கொண்டு போங்கள்.